மூன்று துறையைச் சேர்த்து ஒரு பிஎச்.டி. உருப்படுமா?

அரசலாறு (குழுவில் கேள்வி கேட்டவரின் புனைபெயர்), ஜனவரி 24, மாலை 6.10

என் அக்கா மகன் எம்.டெக். முடித்துவிட்டு பிஎச்.டி.க்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். தலைப்பில் பொருளறிவியல், மயக்க மருந்து மருத்துவம், அரசியல் கோட்பாடு மூன்றும் ஒரே வரியில் நிற்கின்றன. கேட்டால் “இன்டர்டிசிப்ளினரி மாமா” என்கிறான். ஒரு துறையில் ஒழுங்காக நிற்கவே ஐந்து வருஷம் ஆகிறது. இது நிஜமான ஆராய்ச்சியா, இல்லை ஃபெல்லோஷிப் வாங்கும் தந்திரமா? வெண்ணாற்றங்கரை, நீங்கள் இன்ஜினியரிங் காலேஜில் மெட்டீரியல்ஸ், அதாவது பொருளறிவியல், எடுப்பவர்தானே? உங்கள் அக்கா வேறு மயக்க மருந்து டாக்டர். சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை (இனி வரும் பதிவுகளும் இவருடையவை), ஜனவரி 24, இரவு 10.35

தலைப்பை விடுங்கள். மூன்று துறைக்கும் நடுவில் கையில் எடுத்துக் காட்டும்படி ஒரு பொருள் இருக்கிறதா என்று தம்பியிடம் கேளுங்கள். இருந்தால் ஆராய்ச்சி. இல்லையென்றால் கருத்தரங்கு, மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும்.

ஜனவரி 25, காலை 7.20

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் என்று தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பையன் விவரமானவன்தான்.

கொரோனா சமயத்தில் எல்லார் வீட்டிலும் வாங்கிப் போட்ட அதே விரல் கிளிப். நமக்கு அது 2020-ல் அறிமுகமானது. ஆபரேஷன் தியேட்டரில் அது பழைய ஆள். 1974-ல் ஜப்பானில் நிஹோன் கோடன் கம்பெனியில் தகுவோ அயோயாகி என்ற பொறியாளர் இதன் அடிப்படைத் தத்துவத்தைக் கண்டுபிடித்தார். மயக்கத்தில் இருப்பவர் “மூச்சு முட்டுகிறது” என்று சொல்ல முடியாது. அதனால் அவருக்குப் பதிலாக இந்தக் கிளிப் சொல்கிறது. என் அக்கா தியேட்டரில் மானிட்டரைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறியிருக்கும் சதவீதம், இறங்கினால் பீப் ஒலியின் சுருதியும் இறங்கும். கச்சேரிக்குப் போய் உட்கார்ந்தாலும் யாராவது சுருதி இறங்கினால் அக்காவுக்குக் கை பரபரக்கும்.

இதில் மெட்டீரியல்ஸ் எங்கே? கிளிப்பின் ஒரு பக்கம் இரண்டு எல்.இ.டி. ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு, இன்னொன்று 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. எதிர்ப்பக்கம் ஒளி உணரி. ஆக்ஸிஜன் ஏற்றிய ரத்தமும் ஏற்றாத ரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வேறு வேறு அளவில் விழுங்கும். அந்த விகிதத்திலிருந்துதான் எண் வருகிறது. எந்தக் குறைக்கடத்தி, அதன் ஒளி எவ்வளவு அகலமாகப் பரவுகிறது, சூடானால் எவ்வளவு நகர்கிறது என்பதெல்லாம் எங்கள் துறைக் கணக்கு.

அரசியல் எங்கே என்று மாலையில் எழுதுகிறேன். எட்டரைக்கு லேப் இருக்கிறது.

ஜனவரி 25, இரவு 9.50

மன்னார்குடி மைனர், “ஆக்ஸிமீட்டர் ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனை நேராக அளக்கிறது, அதில் அரசியல் நுழைய இடமில்லை” என்று எழுதியிருக்கிறார். நேராக அளக்கவில்லை. கருவி அளப்பது ஒளி விகிதம் மட்டும். இந்த விகிதத்துக்கு இத்தனை சதவீதம் என்ற அட்டவணை உள்ளே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த அட்டவணை ஆரோக்கியமான தன்னார்வலர்களின் உடம்பிலிருந்து வந்தது. அவர்களை ஆக்ஸிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, சாச்சுரேஷனை 70 வரை இறக்கி, ஒவ்வொரு படியிலும் தமனி ரத்தம் எடுத்துச் சோதித்து, விகிதத்தோடு பொருத்தினார்கள்.

யாருடைய விரல்? அங்கேதான் கதவு திறக்கிறது.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை விழுங்கும். துடிப்பினால் ஏறி இறங்கும் பகுதியை மட்டும் கருவி எடுத்துக்கொள்வதால், அசையாமல் இருக்கும் நிறமி கணக்கில் அடிபட்டுப் போகவேண்டும். ஏட்டில் அப்படித்தான். ஆனால் எல்.இ.டி. ஒரே ஒரு அலைநீளத்தில் ஒளிர்வதில்லை, கொஞ்சம் பரவித்தான் ஒளிரும். மெலனின் அந்தப் பரவலில் குட்டை அலைகளை அதிகமாகத் தின்றுவிடுகிறது. சமிக்ஞையும் பலவீனமாகிறது. விளைவு, கறுத்த தோலில் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். கூடுதலாக என்பதுதான் ஆபத்து. குறைவாகக் காட்டினால் டாக்டர் ஓடி வருவார். கூடுதலாகக் காட்டினால் “94 இருக்கு, பரவாயில்லை” என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டது. கிளிப் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் தமனி ரத்தத்தில் உண்மையில் 88-க்கும் கீழே இருந்தது எத்தனை முறை என்று பார்த்தார்கள். வெள்ளையர்களிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

உலகமே அதிர்ந்தது. எனக்கு எரிச்சல் வந்தது வேறு காரணத்தால். இதையே ஜுப்ரான், டோபின் என்ற இரண்டு மருத்துவர்கள் 1990-லேயே எழுதியிருந்தார்கள். வென்டிலேட்டரில் இருந்த வெள்ளை நோயாளிகளுக்கு 92 என்ற இலக்கு போதும், கறுப்பு நோயாளிகளுக்கு அது நம்பத்தகுந்ததில்லை, 95 வைத்துக்கொள்ளுங்கள் என்று தெளிவாகவே சொன்னார்கள். நடுவில் முப்பது வருஷம். எல்.இ.டி. ஆட்களுக்கு மெலனின் தெரியும், மயக்க மருந்து ஆட்களுக்குப் பிழை தெரியும். தெரிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. இதற்கு விடை ஆய்வகத்திலும் இல்லை, வார்டிலும் இல்லை. தம்பி மூன்றாவது கதவைத் தட்டுவதற்கு இது போதுமான காரணம் என்பது என் கட்சி.

ஜனவரி 26, காலை 11.05

கொரடாச்சேரியார் கேட்கிறார்: “அமெரிக்காவில் கறுப்பு வெள்ளைப் பிரச்சினை. நமக்கென்ன?”

நமக்குத்தான் அதிகம். ஆனால் அமெரிக்க வகைப்பாட்டை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. அங்கே ஆவணத்தில் இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, டிக் அடித்துவிடுகிறார்கள். நம் பக்கம் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் மாநிறம், தங்கச்சி நல்ல கறுப்பு. சாதியை வைத்தும் பிரிக்க முடியாது. எந்தச் சாதியிலும் எந்த நிறமும் உண்டு என்பது டெல்டாவில் கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருமுறை உட்கார்ந்தாலே தெரியும். அப்புறம் வெயில். நடவுக்குப் போகிறவரின் கை ஒரு நிறம், அதே ஆளின் வயிறு வேறு நிறம்.

ஆகவே இங்கே செய்தால் இனம் என்று எழுதாமல், நிறத்தையே கருவியால் அளந்து எழுதவேண்டும். அதுவே ஒரு நல்ல அத்தியாயம்.

ஜனவரி 26, காலை 11.20

மருதாணி போட்ட விரலில் கிளிப் தடுமாறுமா என்று கேட்டவருக்கு: ஆமாம், அக்கா அதைப் பார்த்திருக்கிறாள். கல்யாணமாகி ஒரு வாரத்தில் அப்பெண்டிக்ஸ் என்று வந்த பெண், பத்து விரலிலும் கறுப்பு மருதாணி. கிளிப் எண்ணே காட்டவில்லை. காதில் மாட்டினார்களாம். அரைத்துப் பூசும் வீட்டு மருதாணி அவ்வளவு தொல்லை தருவதில்லை, இந்தக் கடைக் கறுப்புதான் மோசம் என்பது அவள் அனுபவம்.

ஜனவரி 28, இரவு 8.40

இரண்டு நாள் ஊரில். சம்பா அறுவடை. சித்தப்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்துக் காத்திருக்கிறார், பனி வேறு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். மழை பெய்த வருஷங்களில் தளர்த்தச் சொல்லி மனு போகும், டெல்லியிலிருந்து குழு வரும், கையில் அள்ளிப் பார்க்கும்.

அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் இந்த விவாத இழை ஞாபகம் வந்தது. ஈரப்பத மீட்டரும் ஈரத்தை நேராக அளப்பதில்லை. மின்னூட்டத்தைத் தேக்க ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்று சொல்லும் எண் மின்காப்பு மாறிலி. அது தண்ணீருக்கு 80 வாக்கில், காய்ந்த தானியத்துக்கு ஒற்றை இலக்கம். அந்த வித்தியாசத்தை மின்தேக்கம் வழியாகப் பிடித்து, ஒரு அட்டவணையில் பொருத்தி, 17.4 என்று காட்டுகிறது. நெல் ரகம் மாறினால், தானியத்தின் சூடு மாறினால் அட்டவணையும் மாறவேண்டும். சித்தப்பாவின் நெல்லுக்குக் காலையில் ஒரு எண், மதியம் ஒரு எண். எழுதுபவர் மேல் அவருக்குக் கோபம். அந்த மனுஷன் என்ன செய்வார், மீட்டர் சொன்னதை எழுதுகிறார்.

இதுவும் ஆக்ஸிமீட்டரும் ஒன்றா என்றால் இல்லை. நெல் தள்ளுபடியானால் சித்தப்பா அங்கேயே சத்தம் போடுவார், நாலு பேர் கூடுவார்கள், மறியல் வரும், பேப்பரில் வரும். மயக்கத்தில் படுத்திருப்பவரின் எண் தப்பானால் அது தப்பு என்று அவருக்கே தெரியாது. விவசாயிக்கு 17 என்ற கோடு எங்கே என்று தெரியும், அதை எதிர்த்துப் பேசவும் தெரியும். நோயாளிக்குக் கோடு இருப்பதே தெரியாது. தம்பியின் அரசியல் கோட்பாட்டு அத்தியாயம் இந்த வித்தியாசத்தில் ஆரம்பிக்கலாம்.

ஜனவரி 29, இரவு 10.15

திருவாரூர்ப் பக்கம் கல்லூரியில் அரசியல் அறிவியல் எடுக்கும் நண்பனுக்கு இந்த இழையை அனுப்பினேன். பதில் சூடாக வந்தது. “உங்களுக்கெல்லாம் அரசியல் கோட்பாடு என்றால் கட்டுரையின் கடைசிப் பத்தியில் தூவும் கொத்தமல்லி. அநீதி என்று சொல்ல எதற்குக் கோட்பாடு? எந்த நர்ஸும் சொல்வாள்.”

நியாயம். அதனால் மேலே சொன்னதை இன்னும் இறுக்கிப் பார்க்கிறேன்.

ஆக்ஸிமீட்டர் சரியா தப்பா என்று தீர்மானிக்கும் ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரநிர்ணயம் ஒன்று உண்டு. 70 முதல் 100 வரையான பரப்பில், எல்லா ஆட்களின் பிழைகளையும் வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் போட்டால் 4 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். மெட்டீரியல்ஸ்காரனுக்கு இது ரொம்பச் சாதாரணமான சூத்திரம். நான் வாரா வாரம் பயன்படுத்துகிறேன். ஆனால் பாருங்கள், இது எல்லாரையும் ஒரே குவியலாகக் கொட்டி எடுக்கும் சராசரி. குவியலில் கறுத்த விரல்கள் குறைவு என்றால், அவர்களின் பிழை எவ்வளவு பெரிதானாலும் கருவி பாஸ். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்க எஃப்.டி.ஏ. 2013-ல் கொடுத்த வழிகாட்டலில் குறைந்தது 10 பேர், அதில் இருவராவது அல்லது 15 சதவீதமாவது, எது அதிகமோ அது, கறுத்த தோலுடையவர்களாக இருக்கவேண்டும் என்றது. பத்தில் இரண்டு. 2025 ஜனவரியில் வந்த வரைவில்தான் குறைந்தது 150 பேர், தோல் நிறத்தைப் படிப்படியாக அளந்து, குழுக்களுக்கிடையே வித்தியாசம் எவ்வளவு என்பதையே தனியாகக் காட்டு என்று வந்தது.

மொத்தச் சராசரி நன்றாக இருந்தால் போதுமா, மோசமாக மாட்டிக்கொண்டவனின் நிலைமையைப் பார்க்கவேண்டுமா? இது புள்ளியியல் கேள்வி மாதிரித் தெரிகிறது. மொத்த நன்மை கூடினால் போதும் என்ற பயன்வாதிகளுக்கும், அமெரிக்க அரசியல் தத்துவவாதி ராவ்ல்ஸுக்கும் நடந்த சண்டை இதுதான். ராவ்ல்ஸ் 1971-ல் சொன்னார்: சமூகத்தில் நீ யாராகப் பிறப்பாய் என்று தெரியாமல் விதியை எழுது. எந்த விரலோடு பிறப்பேன் என்று தெரியாதவன் மொத்தச் சராசரி போதும் என்று கையெழுத்துப் போடமாட்டான். ஆக, நர்ஸுக்குத் தெரிவது அநீதி நடந்தது என்பது. சூத்திரத்துக்குள் அது எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று காட்டக் கோட்பாடும் வேண்டும், கணக்கும் வேண்டும்.

நண்பனுக்கு இதை அனுப்பினேன். “இது பரவாயில்லை” என்று மட்டும் பதில். அவனிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

ஜனவரி 30, காலை 6.50

அவன் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறான், இப்போதுதான் பார்த்தேன்: “ராவ்ல்ஸோடு நிற்காதே, அம்பேத்கரைப் படி.” படிநிலைச் சமத்துவமின்மையில் ஒவ்வொரு படியில் இருப்பவனுக்கும் கீழே ஒருவன் இருப்பதால் எதிர்ப்பு ஒன்று சேராது என்று அம்பேத்கர் சொன்னார். தோல் நிறமும் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு கட்டமில்லை, படிப்படியாக. பிழையும் படிப்படியாகத்தான் ஏறும். எந்தப் படியில் இருப்பவர் சங்கம் வைத்துக் கேட்பார்? நல்ல கொக்கி. தம்பி இதைப் பிடிக்கட்டும்.

பிப்ரவரி 1, மாலை 5.30

மன்னார்குடி மைனர் மறுபடியும்: “ஆக்ஸிமீட்டர் ஒரு விதிவிலக்கு. வேறு எங்கே இந்த மூன்றும் சேர்கிறது?”

என் முதுகில் சேர்ந்தது.

சில வருஷம் முன் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். ஊர், ஆஸ்பத்திரி பெயரெல்லாம் வேண்டாம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். ஆபரேஷன் சுகம். மறுநாள் எழுந்து உட்கார்ந்தேன், மண்டை பிளந்தது. படுத்தால் போய்விடும், நிமிர்ந்தால் திரும்பி வரும். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறையில் ஊசி போட்ட துளை வழியாகத் திரவம் கசிந்தால் இப்படி ஆகும். அக்கா போனில் கேட்ட முதல் கேள்வி, “என்னடா ஊசி? குவின்கேயா, பென்சில் முனையா?” எனக்கெப்படித் தெரியும், நான் குப்புறக் குனிந்திருந்தேன்.

குவின்கே முனை சாய்வாகச் சீவியது, வெட்டிக்கொண்டு போகும். பென்சில் முனை கூம்பு, துளை பக்கவாட்டில். 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 110 சோதனைகளை, 31,000-க்கும் மேற்பட்ட ஆட்களைச் சேர்த்துப் பார்த்தது. சாதாரண முனையில் தலைவலி 11 சதவீதம், பென்சில் வகையில் 4.2. இதில் சந்தேகம் இல்லை.

ஆனால் காரணம்? கூம்பு முனை உறையின் நார்களை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகிறது, ஊசியை எடுத்ததும் நார்கள் மூடிக்கொள்கின்றன என்று ரொம்ப நாள் சொல்லிக்கொடுத்தார்கள். மெட்டீரியல்ஸ் பாடத்தில் நானே உதாரணமாகச் சொல்வதற்கு அழகாக இருந்தது. 2000-ல் ஸ்பெயினில் ரெய்னாவும் கூட இருந்தவர்களும் உறையில் இரண்டு வகை மெல்லிய ஊசிகளையும் குத்தி, துளையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். குவின்கே போட்ட துளை சுத்தமான வெட்டு, மடிப்பு மாதிரி. பென்சில் முனை போட்டதுதான் கிழிந்து நாராகக் கிடந்தது. அந்தக் கிழிசல் அழற்சியைத் தூண்டி, வீங்கி, சீக்கிரம் அடைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் யூகித்தார்கள். மருத்துவம் சரியான ஊசியைத் தேர்ந்தெடுத்திருந்தது, விளக்கம் மட்டும் தலைகீழ். முறிவுப் பரப்பைப் பார்க்கத் தெரிந்தவர்கள் உள்ளே வராமல் இது வெளியே வந்திருக்காது.

அரசியல்: பென்சில் முனை விலை கூடுதல். கொள்முதலில் எல்-1, அதாவது இருப்பதிலேயே குறைந்த விலை சொன்னவரை, எடுக்கவேண்டும். விலைப்புள்ளியில் தலைவலிக்குப் பத்தி இல்லை. மறுநாள் மூட்டை தூக்கப் போகவேண்டியவருக்கு அந்தத் தலைவலி ஒரு வாரக் கூலி. எனக்கு மெடிக்கல் லீவ். அதே துளை, வேறு விலை.

பிப்ரவரி 1, இரவு 9.15

இந்தத் தலைவலியின் முதல் நோயாளிகளில் ஒருவர் யார் தெரியுமா? இந்த முறையைக் கொண்டுவந்த டாக்டரே. 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகுஸ்ட் பியர் தன் முதுகில் ஊசி போடச் சொன்னார், உதவியாளர் ஹில்டபிராண்ட் போட்டார். சிரிஞ்சும் ஊசியும் சரியாகப் பொருந்தாமல் திரவம் ஒழுகிப் போனது. சரி, உன் முதுகைக் காட்டு என்று உதவியாளருக்குப் போட்டார். மரத்ததா என்று பார்க்கக் கிள்ளினார், சுருட்டால் சுட்டார், கணுக்காலுக்கு மேல் எலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார். வலிக்கவில்லை. இரவு இருவரும் ஒயின் குடித்துச் சுருட்டு பிடித்துக் கொண்டாடினார்கள். பியருக்கு ஒன்பது நாள் தலைவலி. உதவியாளருக்கும் உடம்பு சரியில்லை.

உதவியாளர் மனமுவந்துதான் ஒப்புக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். கைடு “முதுகைக் காட்டு” என்றால் மாட்டேன் என்று சொன்ன பிஎச்.டி. மாணவனை நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 3, மதியம் 1.40

சுண்ணாம்பையும் சேர்க்கச் சொல்லி ஒருவர். மயக்க மருந்து மெஷினில் நோயாளி விடும் கரியமில வாயுவை உறிஞ்ச சோடா லைம் வைப்பார்கள். பெரும்பகுதி கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நம் நீற்றிய சுண்ணாம்பேதான். தேய்ந்துபோனால் ஊதாவாக மாற ஒரு சாயம் கலந்திருப்பார்கள். காரைச் சுவர் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து இறுகுவதும் இதே வினை. சுவாரசியம்தான், ஆனால் இதில் கேள்வி இல்லை. தம்பி இதைத் தொடவேண்டாம்.

பிப்ரவரி 4, இரவு 10.50

அரசலாறு, நீங்கள் தனிச்செய்தியில் கேட்ட எத்திக்ஸ் விஷயத்தை எல்லாருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

தன்னார்வலரின் சாச்சுரேஷனை 70-க்கு இறக்கும் பரிசோதனையை இங்கே செய்யவே கூடாது என்பது என் அபிப்பிராயம். பணம் கொடுத்தால் வருவார்கள். யார் வருவார்கள்? வேலை இல்லாத மாசத்தில் விவசாயக் கூலிகள் வருவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டல் பொருளாசை காட்டிச் சம்மதம் வாங்குவதை எச்சரிக்கிறது. கறுத்த தோலுக்கு நியாயம் செய்யப்போய் கறுத்த தோல்காரரையே மூச்சுத் திணற வைத்தால் அப்புறம் என்ன கோட்பாடு?

அக்கா சொன்ன வழி: பெரிய ஆபரேஷன்களிலும் ஐ.சி.யூ.விலும் எப்படியும் தமனியில் குழாய் போட்டு ரத்தம் எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். அந்த நேரத்தில் கிளிப் என்ன காட்டியது, ரத்தம் என்ன சொன்னது, விரலின் நிறம் என்ன என்று மூன்றை எழுதினால் போதும். புதிதாக ஒரு குத்தல்கூட வேண்டாம். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, சம்மதப் படிவம் கட்டாயம். படிவத்தை நல்ல பேச்சுத் தமிழில் எழுதி, ஆபரேஷனுக்கு முதல்நாளே படித்துக்காட்ட வேண்டும். ஸ்ட்ரெச்சரில் படுத்தபிறகு நீட்டினால் யாரும் எதிலும் கையெழுத்துப் போடுவார்கள்.

பிப்ரவரி 6, காலை 7.05

கொரடாச்சேரியாரின் கேள்விதான் இந்த இழையிலேயே நடைமுறையானது: “இதெல்லாம் முடித்தால் எந்த டிபார்ட்மென்டில் வேலை?”

கசப்பான விஷயம். மூன்று துறையிலும் பேசத் தெரிந்தவனை மூன்று துறையும் விருந்துக்குக் கூப்பிடும், பந்தியில் இலை போடாது. உதவிப் பேராசிரியர் விளம்பரத்தில் பாடப்பெயர் பொருந்தவேண்டும். பட்டத்தின் பெயர் கொஞ்சம் பிசகினால் இதுவும் அதுவும் சமம் என்று சொல்லும் ஈக்விவலன்ஸ் ஜி.ஓ. (அரசாணை) தேடி சென்னைக்கு அலையவேண்டும். எங்கள் கல்லூரியில் நானோ என்று பட்டம் வாங்கியவர் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறேன்.

ஆகவே பதிவு மெட்டீரியல்ஸ் துறையில் இருக்கட்டும். பட்டத்தின் பெயரும் அதுவே. யு.ஜி.சி.யின் 2022 விதிகள் வேறு துறையிலிருந்து, வேறு நிறுவனத்திலிருந்து இணை வழிகாட்டி வைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. மயக்க மருந்துப் பேராசிரியர் ஒருவரை அப்படிச் சேர்க்கலாம். அரசியல் கோட்பாட்டுக்காரர் டாக்டரல் கமிட்டியில் உட்காரட்டும், அவர் கையில் வெட்டும் அதிகாரம் இருக்கட்டும். தலைப்பிலிருந்து அரசியலை எடுத்துவிடலாம், ஆய்விலிருந்து எடுக்கவேண்டாம்.

பிப்ரவரி 7, இரவு 9.30

தம்பி அனுப்பிய நான்கு பக்க முன்வரைவைப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க வாயு, பருவநிலை, ஐரோப்பியத் தடை என்று போகிறது. நல்ல விஷயம், வேறு ஆய்வு. எடுத்துவிடச் சொல்லுங்கள். மூன்றாம் பக்கத்தில் ‘டெல்டா மக்களின் தோல் நிறம்’ என்று ஒருமையில் எழுதியிருக்கிறான். அப்படி ஒரு நிறம் கிடையாது. ஊசியைப் பற்றி நான் இங்கே எழுதியதைப் படித்துவிட்டு அதையும் நுழைத்திருக்கிறான், அதுவும் வேண்டாம். ஒரு விரல் போதும்.

நிறம் அளக்க என்ன கருவி என்று கேட்டிருக்கிறான். எங்கள் லேபில் பெயின்ட் பூச்சு சோதனைக்கு வாங்கிய கலரிமீட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. தோலில் வைத்தால் ஒழுங்காக அளக்குமா என்பதை முதலில் என் கையிலும் அவன் கையிலும் பார்த்துவிடலாம். இன்டர்னல் தேர்வு முடியட்டும், இருபதாம் தேதிக்கு மேல் ஒரு சனிக்கிழமை வரச் சொல்லுங்கள். கேட்டில் என் பெயரைச் சொன்னால் விடமாட்டார்கள். போன் செய்யச் சொல்லுங்கள், நானே வந்து கூட்டிப்போகிறேன்.